இறுகிய கையும் வளைந்த ஊசியும்

(மாதர் கைத்தொழில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கம்பளிப் பின்னல் வேலையைப் பற்றி உங்கள் முன் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று சங்கத்தார் கேட்டுக்கொண்டபொழுது, அத்தொழிலின் எந்தப் பாகத்தை எடுத்துக்கொள்வதென்று யோசித்தேன். பூ வேலைகளைப் பற்றிப் பேசலாம். வர்ணச் சேர்க்கையைப் பற்றிப் பேசலாம். அவை கேட்பதற்கு இன்பமானவை. ஆயினும், பின்னல் வேலை நடக்கும் சங்கங்களில் அடிக்கடி எழும் முறையீடுகள் இரண்டு. ஒன்று, ஊசிகள் வளைந்தும் ஒடிந்தும் போகின்றன என்பது. மற்றொன்று, ஒரே அளவு சொல்லி ஒரே நூலைக் கொடுத்தும் ஸ்வெட்டர்கள் ஆளுக்கொரு அளவாக வந்து சேருகின்றன என்பது. இவ்விரண்டையும் சாமான் கணக்கில் ஒரு பக்கத்திலும், விற்பனைக் கணக்கில் மற்றொரு பக்கத்திலும் எழுதி, தனித்தனி நஷ்டமாகப் பாவிப்பது வழக்கம். அவை தனித்தனியானவை அல்ல. இரண்டிற்கும் மூலம் ஒன்றே. அது பின்னுகிறவளின் கை இறுகியிருப்பதாகும்.

ஊசி ஒடிந்தால் அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வதென்று நிர்வாகக் கமிட்டியில் தீர்மானம் செய்வது எளிது. அதனால் ஊசி ஒடிவது நிற்காது. கூலி குறைந்தவள் இன்னும் அதிகப் பயத்துடன் ஊசியைப் பிடிப்பாள். பயந்த கை முன்னிலும் அதிகமாக இறுகும். மறுமாதம் இன்னொரு ஊசி ஒடியும். ஆகையால் தண்டனையைப் பற்றிய யோசனையை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஊசியில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனையில் ஓர் அங்குலத்திற்கும் குறைவான பாகம் கூம்பியிருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள தண்டு முழுவதும் ஒரே கனமுள்ளது. கூம்பிய முனை பழைய கண்ணிக்குள் நுழைவதற்காக மட்டும் ஏற்பட்டது. புதுக் கண்ணியின் அளவை நிர்ணயிக்க வேண்டியது தண்டு. 4 மில்லிமீட்டர் கனமுள்ள தண்டின்மேல் நூல் சுற்றிவந்தால் அதற்குத் தக்க கண்ணி உண்டாகிறது. ஆனால் இறுக்கமாகப் பின்னுகிறவள் தன் வேலை முழுவதையும் முனையிலேயே செய்கிறாள். அவ்விடத்தில் ஊசியின் கனம் 3 மில்லிமீட்டரோ, அதற்கும் குறைவோதான். அங்கே நூலைச் சுற்றி, ஒரு வெட்டு இழுத்து இறுக்கிவிட்டு, பிறகு அந்தச் சிறிய கண்ணியைத் தண்டின்மேல் ஏற்றுகிறாள். சிறுவனுக்குத் தைத்த சட்டையைத் தகப்பனுக்குப் போட்டுவிட்டாற்போல், அக்கண்ணி தண்டைக் கவ்விக்கொள்கிறது.

இங்கே நின்றால் தொல்லை இல்லை. அடுத்த வரிசையில் அதே கண்ணிக்குள் மற்றோர் ஊசியின் முனை நுழைய வேண்டும். இடமில்லை. எனவே முனையைக் குத்தி, நெம்பி, வழி உண்டாக்குகிறாள். நெம்பும்பொழுது ஊசியின் ஒரு முனை கண்ணியிலும், நடுப்பாகம் விரல்களிலும், கொண்டைப் பாகம் உள்ளங்கையிலோ அக்குளிலோ அகப்பட்டிருக்கிறது. அந்நிலையில் கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பதுபோல் பெயர்த்தால், மெல்லிய கம்பி என்ன செய்யும்? ஒரு வரிசைக்கு நூறு கண்ணி, ஒரு ஸ்வெட்டரின் முதுகுப் பாகத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட வரிசைகள். பத்தாயிரம் முறைக்கு மேல் ஒரே இடத்தில் வளைக்கப்பட்ட கம்பி வளைந்துவிட்டதென்று ஆச்சரியப்படுவதற்கில்லை.

கண்ணி தண்டின்மேல் நகர மறுப்பதற்கும் காரணம் உண்டு. முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒரு சிறுவன்கூட அதை நிறுத்திவிடுவான் அல்லவா? சுற்றிய பொருளின் பிடிப்பு சுற்றுக்குச் சுற்று பெருக்கமாக ஏறுகிறது. ஊசியின்மேல் நூறு கண்ணிகள் வரிசையாகச் சுற்றியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிது இறுகினாலும், எல்லாம் சேர்ந்து நகர்வதற்கு வேண்டிய பலம் மிகவும் அதிகமாகிவிடுகிறது.

இனி, இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்வெட்டர்களுக்குச் சாதாரணமாக உபயோகிக்கும் டபிள் நிட்டிங் என்னும் நடுத்தரக் கம்பளி நூலை 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால், பத்து சென்டிமீட்டர் அகலத்திற்கு 22 கண்ணிகள் வருவது பொதுவான அளவு. நமக்குப் பழக்கமான அங்குலக் கணக்கில் அங்குலத்திற்கு ஐந்தரைக் கண்ணி. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் வேண்டுமானால் 198 கண்ணிகள் போடவேண்டும். ஒருத்தியின் கை சிறிது இறுகி, அங்குலத்திற்கு ஆறு கண்ணி விழுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அரைக் கண்ணிதான். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் அதே 198 கண்ணிகள் 33 அங்குலமே வரும். பெரியவர்களுக்கென்று ஆர்டர் எடுத்த சட்டை பள்ளிக்கூடப் பையனுக்குத்தான் பொருந்தும். கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்பினால் அவர்மேல் குறை சொல்ல இயலாது.

சரி, கண்ணிகளைக் கூட்டி 216 போட்டுவிட்டால் அளவு சரியாகிவிடாதா என்று கேட்கலாம். அளவு சரியாகும், ஆனால் செலவு ஏறும். இறுகிய கண்ணி அகலத்தில் மட்டும் குறுகுவதில்லை; உயரத்திலும் குறுகுகிறது. ஆகவே அதே பரப்பை நிரப்ப, வரிசைகளும் அதிகமாகின்றன. நான் சொன்ன உதாரணத்தில், அதே ஸ்வெட்டருக்கு நூற்றுக்குப் பத்தொன்பது கண்ணிகள் அதிகமாகப் பின்ன நேரிடும். ஐந்து நாளில் முடியும் வேலைக்கு ஏறக்குறைய ஆறு நாள் ஆகிறது. கூலியோ உருப்படிக்கு இவ்வளவு என்பதே. நூலும் நூற்றுக்கு ஒன்பது வீதம் அதிகம் பிடிக்கும். 400 கிராம் போதுமான இடத்தில் 436 கிராம் வேண்டும். சங்கம் நூலை நிறுத்துக் கொடுத்து, உருப்படியை நிறுத்து வாங்குமானால், நூல் போதவில்லை என்று வந்து நிற்கும் அங்கத்தினரின்மேல் வீண் சந்தேகம் எழுகிறது. அவள் ஒரு முழ நூலையும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவும் ஸ்வெட்டருக்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய மனஸ்தாபத்தினால் நல்ல வேலைக்காரி ஒருத்தி சங்கத்தை விட்டு விலகுவாளானால், ஒடிந்த ஊசிகளின் விலையெல்லாம் அதற்கு முன்னே ஒன்றுமில்லை.

கண்ணிக்குச் செல்லும் நூலின் நீளமே துணியின் அகலம், உயரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதென்பதை மண்டன் என்ற ஆங்கில நிபுணர் 1959-ஆம் வருஷத்தில் அளந்து விவரமாக எழுதி வெளியிட்டார். அவர் கண்ட விதி எந்திரத் துணியைப் பற்றியது. ஆனால் கைப் பின்னலும் அதற்கு விலக்கன்று. நம்முடைய திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரங்களிலும் இதே தொல்லை உண்டு. கண்ணியின் நீளத்தை அளவு மீறிக் குறைத்துவிட்டால், எந்திர ஊசியின் கொக்கி வலி தாங்காமல் ஒடியும். இல்லையேல் அதன் நாக்கு வளையும். வளைந்த ஊசி நின்ற இடத்தில் துணி நெடுக ஒரு கோடு விழுந்து, அத்துணி இரண்டாந்தரமாகிவிடும். அங்கே எந்திரத்தைத் தளர்த்தி வைக்க ஒரு திருகு இருக்கிறது. நமக்குத் திருகு நம்முடைய விரல்களே.

ஊசிகள் செய்யப்படும் பொருள்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எல்லா ஊசியும் ஒரே விதமாய்க் கெடுவதில்லை. கெட்ட ஊசியைப் பார்த்தே கையின் குணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அலுமினிய ஊசி இலேசானது, விலை மலிவானது. ஆகவே சங்கங்கள் பெரும்பாலும் இதையே வாங்குகின்றன. ஆனால் அது மென்மையான உலோகம். ஒரு வரம்பு வரையில் வளைத்தால் நிமிர்ந்துகொள்ளும். வரம்பு கடந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். இறுகிய கையில் அகப்பட்ட அலுமினிய ஊசி முனையிலிருந்து மூன்று, நான்கு அங்குலத் தூரத்தில், அதாவது விரல் பிடிக்கும் இடத்தில், வளைந்திருக்கும். அதைத் தட்டையான பலகையின்மேல் உருட்டிப் பார்த்தால் எவ்விடத்தில் துள்ளுகிறதென்று தெரியும். அவ்விடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்தி நிமிர்த்தலாம். ஒரு முறை நிமிர்த்தலாம், இரண்டு முறை நிமிர்த்தலாம். அடிக்கடி வளைத்து நிமிர்த்தினால் உலோகம் அவ்விடத்தில் கடினப்பட்டு, ஒரு நாள் படீரென்று முறிந்துவிடும். சுத்தியலால் தட்டுவது கூடவே கூடாது. தட்டிய இடத்தில் உண்டாகும் பள்ளம் நூலைப் பிடித்திழுக்கும்.

மூங்கில் ஊசி வளைவதைவிடப் பிளப்பதே அதிகம். நெம்புகிற கை, முனையிலுள்ள நாரைச் சிறிது சிறிதாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த சிலாம்பு கம்பளிப் புரியில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதை விடுவிக்க மீண்டும் இழுப்போம். மெல்லிய உப்புத்தாளினால் முனையைத் தேய்த்து, மெழுகு தடவிய காகிதத்தால் ஒரு முறை உருவி, பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டால் மூங்கில் ஊசி நெடுநாள் உழைக்கும். எண்ணெய் தடவ வேண்டாம். கம்பளியில் கறை ஏறும்.

பிளாஸ்டிக் ஊசி கையின் சூட்டிலும் வெயிலிலும் இளகி வில்போல் வளையும். இறுகிய கையுள்ளவர்கள் இதை வாங்காமலிருப்பதே நலம். எஃகு ஊசியோ எளிதில் வளையாது. ஆனால் ஊசி வளையவில்லையென்றால் அந்தப் பலம் எங்கே போகிறது? மணிக்கட்டுக்கும் கட்டைவிரலின் அடி மூட்டுக்கும் போகிறது. பின்னல் வேலையால் கைவலி வருகிறதென்று சொல்லுகிறவர்களிற் பலர் நல்ல எஃகு ஊசியை வைத்துக்கொண்டு இறுக்கமாகப் பின்னுகிறவர்களே. வலித்த கைக்குத் தைலம் தடவிக்கொண்டு மறுபடியும் அதே விதமாகப் பின்னுவது, ஓட்டைக் குடத்திற்கு ஓயாமல் தண்ணீர் மொண்டு ஊற்றுவதாகும்.

கனமும் நீளமும் எவ்வளவு வித்தியாசம் செய்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே உலோகத்தாலான இரண்டு ஊசிகளில், ஒன்றின் கனம் மற்றதைப்போல் இரு மடங்கானால், அதன் விறைப்பு இரு மடங்கன்று, பதினாறு மடங்காகும். 3¼ மில்லிமீட்டர் ஊசியைவிட 4 மில்லிமீட்டர் ஊசி இரண்டேகால் மடங்கிற்குச் சிறிது அதிகமாக விறைப்புள்ளது. நீளமும் அப்படியே, 10 அங்குல ஊசி வளைவதைப்போல் சுமார் இரண்டே முக்கால் மடங்கு 14 அங்குல ஊசி அதே பலத்திற்கு வளையும். குழந்தைச் சட்டைக்கும் தொப்பிக்கும் நீளமான ஊசி தேவையே இல்லை. சங்கத்தில் இருக்கிறதே என்று எல்லோருக்கும் 14 அங்குல ஊசியைக் கொடுப்பதினால் பாதி ஊசிகள் வீணாக வளைகின்றன.

வட்ட ஊசிகள் உபயோகிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு குறுகிய ஊசிகளை மெல்லிய வளையும் கயிறு ஒன்று இணைக்கிறது. இறுகிய கண்ணிகள் கயிற்றின்மேல் சுகமாக உட்கார்ந்திருந்து, தண்டின்மேல் ஏறவேண்டிய இடத்தில் அடம் பிடிக்கும். அவற்றை இழுத்து இழுத்து ஏற்றுவதினால் இணைப்பே தளர்ந்து கழன்றுவிடும். காலுறைக்கு உபயோகிக்கும் நான்கு அல்லது ஐந்து ஊசித் தொகுதியில், ஓர் ஊசியிலிருந்து மற்றதற்குத் தாண்டும் இடத்தில் ஏணிபோல் இடைவெளி விழுகிறதென்று பயந்து, முதற் கண்ணியைப் பலம் கொண்ட மட்டும் இழுப்பார்கள். மெல்லிய ஊசிகள் அவ்விடத்திலேதான் ஒடிகின்றன. முதற் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவது கண்ணியைப் பின்னும்பொழுது நூலைச் சற்றே கூட்டி இழுத்தால் போதும். ஏணியும் விழாது, ஊசியும் பிழைக்கும்.

இவ்வளவும் சொன்னதினால், இறுக்கமான பின்னலே பாவமென்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் தேசத்துக் கடலோர மீனவர்கள் அணிந்த கான்ஸி என்னும் மேற்சட்டை மிக நெருக்கமாகப் பின்னப்பட்டது. ஐந்து புரிக் கம்பளி நூலை மெல்லிய எஃகு ஊசிகளில் பின்னிக் காற்றும் கடல் நீரும் எளிதில் நுழையாதபடி செய்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் வெறுங் கையால் நெம்பவில்லை. மரத்தால் செய்த ஓர் உறையை இடுப்புக் கச்சையில் செருகி, ஊசியின் பின்முனையை அதில் ஊன்றிக்கொண்டார்கள். ஷெட்லாந்துத் தீவுகளில், குதிரை மயிர் அடைத்துத் துளைகளிட்ட தோல் திண்டு பொருத்திய கச்சை வழக்கத்திலிருந்தது. அது இன்றும் கிடைக்கிறது. ஊசியின் பாரத்தை உடல் ஏற்றுக்கொள்வதனால் விரல்கள் நூலை மட்டும் கவனித்தால் போதும். அக்காலத்தில் யார்க்ஷையரைச் சேர்ந்திருந்த டென்ட் பள்ளத்தாக்கின் பின்னல்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளைந்த ஊசிகளையே விரும்பி உபயோகித்தார்கள். ஆகவே ஒரே சீராக, மெதுவான வில்லைப்போல் வளைந்திருக்கும் ஊசியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. கைக்கு இசைவாயிருந்தால் அதிலேயே பின்னலாம். ஒரே இடத்தில் முழங்கைபோல் மடங்கிய ஊசிதான் உதவாது.

நம்முடைய சங்கம் செய்வது மீனவர் சட்டையன்று. மலைப் பிரதேசத்துக் குளிருக்கு மிருதுவாயும் வெதுவெதுப்பாயும் இருக்க வேண்டிய ஸ்வெட்டரும், குழந்தைகளின் தொப்பியும், கழுத்துத் துணியுமே. கம்பளி வெதுவெதுப்பாயிருப்பதற்கு அதனுள் அடைபட்டு நிற்கும் காற்று ஒரு முக்கிய காரணம். மிகவும் நெருங்கிய பின்னல் அட்டைபோல் விறைத்து நிற்கும், உடம்போடு இணங்காது.

இனிக் கையைத் தளர்த்தும் வழி. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் பழகிய பழக்கத்தை மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றிற்கும் முதலாவது, புதுக் கண்ணியை முனையில் விடாமல் தண்டிற்குக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். முனையால் நூலை வாங்கி, பழைய கண்ணியைக் கழற்றுமுன், ஊசியைச் சற்று உள்ளே செலுத்தி, புதுக் கண்ணி முழுக் கனமுள்ள தண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு நாள் வேலை மெதுவாக நடக்கும். அதற்காகக் கைவிட வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் ஒரு சுண்டு சுண்டி இழுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஓரத்து முதற் கண்ணி தவிர வேறெதற்கும் அது வேண்டியதில்லை. நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுகிறவர்கள் ஒரு சுற்றுப் போடட்டும். ஒரு சுற்றுப் போடுகிறவர்கள் சுற்றாமல் விரல்களின் இடையே விட்டுப் பார்க்கட்டும். காளைக் கயிற்றின் விதி இங்கும் உண்டு. கையில் வியர்வை ஊறினாலும் நூல் ஓடாது. கையைக் கழுவித் துடைத்து, சிறிது பவுடர் தடவிக்கொள்ளலாம்.

நூல் உருண்டையைக் கல்போல் இறுக்கிச் சுற்றுவது நம்மவர்களிடம் உள்ள ஒரு வழக்கம். அது தவறு. இறுக்கிச் சுற்றிய கம்பளி நீண்டபடியே பின்னலில் சேர்ந்து, முதல் சலவையில் சுருங்கித் தன் பழைய நீளத்திற்குத் திரும்பும். சுற்றும்பொழுது இரண்டு மூன்று விரல்களை உருண்டையின்மேல் வைத்து, அவற்றின்மேலே சுற்றி, அவ்வப்பொழுது விரல்களை உருவிவிட்டால் உருண்டை மெத்தென்று இருக்கும். பின்னத் தொடங்குமுன் இரண்டு முழ நூலை முன்கூட்டியே பிரித்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். உருண்டையை இழுக்கும் இழுப்பும் கண்ணிக்குள்ளேதான் போய்ச் சேருகிறது.

இடது ஊசியிலுள்ள கண்ணிகளை முனைக்கு அருகிலேயே தள்ளி வைத்துக்கொள்வதும் அவசியம். முனையிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளிக் கிடக்கும் கண்ணியை எட்டிப் பிடிக்கும்பொழுதுதான் ஊசி அதிகமாக நெம்பப்படுகிறது. இடது ஆள்காட்டி விரலால் நான்கைந்து கண்ணிகளை அவ்வப்பொழுது முன்னே தள்ளிவிட்டால் நெம்ப வேண்டிய அவசியமே வராது.

கண்ணி ஏற்றுவதிலும் அடைப்பதிலும் இறுக்கம் சேர்ந்துவிட்டால், நடுவில் எவ்வளவு தளர்வாகப் பின்னியும் பயனில்லை. கழுத்து வழியே தலை நுழையாத ஸ்வெட்டரைக் குழந்தைக்கு அழ அழ மாட்டுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏற்றும்பொழுது இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டுப் பின்பு ஒன்றை உருவிவிடலாம். அல்லது ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசியால் ஏற்றலாம். கழுத்தை அடைக்கும்பொழுதும் பெரிய ஊசியே நல்லது. பருத்தி நூலில் வேலை செய்பவர்கள் இதை இன்னும் கண்டிப்பாய்க் கைக்கொள்ள வேண்டும். கம்பளி சற்று நீண்டு கொடுக்கும். பருத்தி அவ்வாறு கொடுக்காது.

கவலையுள்ள நாளிலும், சண்டை போட்ட நாளிலும், விளக்கு மங்கிய இரவிலும் கை தானே இறுகும். ஒரே சட்டையில் கீழ்ப்பாதி ஓர் அகலமும் மேற்பாதி வேறோர் அகலமுமாக இருந்தால், நடுவில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறதென்று அனுபவசாலிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தகைய வேளையில் ஸ்வெட்டரை எடுக்காமல் வேறு வேலை பார்ப்பது நலம். அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குவதும் எல்லோருக்கும் நல்லது.

இவ்வளவு செய்தும் சிலருடைய கை இறுக்கமாகவே நிற்கும். அவர்களைக் கடிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை. கையெழுத்து ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல் இதுவும் வேறுபடும். அவர்களுக்கு ஊசியை மாற்றிக் கொடுப்பதே முறை. அங்குலத்திற்கு ஐந்தரைக் கண்ணி வேண்டிய இடத்தில் ஆறு விழுந்தால், ஒரு படி கனமான ஊசியைக் கொடுங்கள்; இன்னும் நெருங்கியிருந்தால் மற்றொரு படி. கை தளர்ந்தவளுக்கு ஒரு படி மெல்லிய ஊசி. மாதிரிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஊசி எண் அப்புத்தகம் எழுதியவளின் கைக்கு ஏற்பட்டது. நாம் பொருத்த வேண்டியது அங்குலத்திற்கு எத்தனை கண்ணி என்பதையே. இறுகிய கைக்கு வழுக்கலான உலோக ஊசியும், தளர்ந்த கைக்கு நூலைச் சற்றுப் பிடிக்கும் மூங்கில் ஊசியும் ஏற்றவை.

ஊசி எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் எண்ணில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3¼, 14 என்றால் 2 மில்லிமீட்டர். எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. இது பழைய கம்பிப் பட்டறையின் கணக்கு. கம்பியை எத்தனை துளை வழியாக இழுத்தார்களோ அத்தனை எண் ஏறும், அத்தனை மெல்லியதாகும். அமெரிக்க எண்ணோ இதற்கு நேர் விரோதமாக ஏறுகிறது; அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர். ஆகவே எண்ணை மட்டும் சொல்லி ஊசி வாங்கினால் மோசம் போக இடமுண்டு. மில்லிமீட்டர் கனத்தைக் கேட்டு வாங்குங்கள். அளவு எழுத்து அழிந்துபோன ஊசிகளுக்காகத் துளைத் தகடு ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்தால் போதும்; எந்தத் துளையில் ஊசி பொருந்தி நுழைகிறதோ அதுவே அதன் அளவு. சாதாரணச் சைக்கிள் ஆரக்கம்பி 2 மில்லிமீட்டர் கனமுள்ளது. திருகு வெட்டிய முனையையும் வளைந்த தலையையும் அரிந்துவிட்டு, இரு முனையையும் அரத்தால் கூர்படுத்தி உப்புத்தாளால் வழவழப்பாக்கினால், காலுறைக்கு வளையாத ஊசி கிடைக்கும்.

சங்கத்தார் செய்யவேண்டியதாக எனக்குத் தோன்றுவது இவ்வளவே. ஆர்டர் நூலைக் கொடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் ஒரு மாதிரிச் சதுரம் பின்னி வாங்குங்கள். அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இழுக்காமல் உலர்த்தி, நடுப்பாகத்தில் நான்கு அங்குல அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்தில் அளந்தால் கணக்குத் தவறும். இருபத்திரண்டு இருந்தால் சரி. இல்லையேல் ஊசியை மாற்றி மீண்டும் ஒரு சதுரம். இவ்வாறு அங்கத்தினர் பெயருக்கு எதிரே அவருக்குப் பொருந்தும் ஊசியின் கனத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்து, அந்த ஊசியையே அவருக்குக் கொடுத்து வாருங்கள். ஆறு மாதத்திற்கு ஒரு முறை புதிதாக அளந்து பார்த்தால் போதும். பழகப் பழகக் கை தளர்வது இயல்பு. ஒரே சட்டையின் முதுகை ஒருத்தியும் கையை மற்றொருத்தியும் பின்னுவதை, அவர்கள் இருவருடைய சதுரங்களும் ஒத்திருந்தாலன்றி, அனுமதிக்க வேண்டாம்.

ஊசி வளைந்ததென்று யாராவது கொண்டுவந்தால், விலையைப் பிடிப்பதற்கு முன், அவருடைய சதுரத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். அதில் கண்ணி நெருங்கியிருந்தால், அவருக்குத் தவறான ஊசியைக் கொடுத்தது சங்கமே. அந்த நஷ்டம் சங்கத்தின் பொதுக் கணக்கில் சேரவேண்டியது. இதைக் கமிட்டியார் யோசித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

துளைத் தகடு இதோ மேஜையின்மேல் இருக்கிறது. அவரவர் ஊசியைக் கொண்டுவந்து அளந்துகொள்ளுங்கள். பிறகு எல்லோரும் முப்பது கண்ணி ஏற்றி, ஐந்து அங்குலம் உயரத்திற்கு நேர்ப் பின்னலாகப் பின்னத் தொடங்குங்கள். பின்னிய சதுரத்தில் பெயரெழுதிய சீட்டைக் கட்டி, வருகிற வாரம் நூல் பட்டுவாடாவுக்கு வரும்பொழுது காரியதரிசியிடம் ஒப்புவித்துவிடுங்கள்.